சேசர் ரிட்ஸ்

சேசர் ரிட்ஸ் (பெப்ரவரி 23, 1850 – அக்டோபர் 1918) சுவிட்சர்லாந்தைச் சேர்ந்த விடுதி நிறுவனர் ஆவார். பாரிசில் உள்ள ரிட்ஸ் விடுதியையும் லண்டனில் உள்ள ரிட்ஸ் விடுதியையும் தோற்றுவித்தவர் இவரே. தனிக் குளியலறை, மின்விளக்கு, தொலைபேசி ஆகியவற்றைக் கொண்ட அறைகளை ஐரோப்பாவின் பெரிய விடுதிகளில் வழக்கமாக்கியவர்களுள் இவர் முதன்மையானவர். அரசர்களின் விடுதியாளர், விடுதியாளர்களின் அரசர் என்று புகழப்பட்டார். இவருடைய குடும்பப் பெயரில் இருந்து, பகட்டான, ஆடம்பரமான என்னும் பொருள்தரும் ஒரு சொல் ஆங்கிலத்தில் உருவாகியுள்ளது. உழவர் குடும்பத்தில் பிறந்து செல்வந்தர்களின் வசதிக்கு இலக்கணம் வகுத்த இவர், தம் வாழ்வின் இறுதிப் பதினாறு ஆண்டுகளை உளநலம் குன்றிய நிலையிலேயே கழித்தார்.

பிறப்பும் இளமையும்

சுவிட்சர்லாந்தின் வலே மாநிலத்தில், ரோன் ஆற்றின் மேற்பகுதியில் அமைந்த நீடர்வால்ட் என்னும் சிறிய மலைக் கிராமத்தில் சேசர் ரிட்ஸ் பிறந்தார். பெற்றோருக்கு இவர் பதின்மூன்றாவது பிள்ளை. கடைசிப் பிள்ளையும் இவரே. இப்பகுதி மக்கள் பேசுவது செருமன் மொழி. பிரெஞ்சு மொழியைக் கற்பதற்காகப் பன்னிரண்டாம் வயதில் சியோன் நகருக்கு அனுப்பப்பட்டார்.

பதினைந்தாம் வயதில் பிரீக் நகர விடுதி ஒன்றில் வைன் பரிமாறும் பணியைக் கற்றுக்கொள்ளச் சேர்ந்தார். விடுதித் தொழிலுக்கு வேண்டிய இயல்பான திறன் இவரிடம் இல்லை என்று கூறி அவ்விடுதியின் உரிமையாளர் இவரைப் பணியில் இருந்து நீக்கியதாகச் சொல்லப்படுகிறது.

பாரிசும் வியன்னாவும்

1867 ஆம் ஆண்டு பாரிசில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சி, வேலை தேடிய இளைஞர் பலரை அந்நகருக்கு ஈர்த்தது. ரிட்சும் அவ்வாறே பாரிஸ் சென்றார். சிறிய விடுதிகளில் எடுபிடி வேலைகள் செய்து, படிப்படியாக உயர்ந்து, நகரின் சிறந்த உணவகங்களுள் ஒன்றான வுவாசன் உணவகத்தில் பரிமாறுபவராகச் சேர்ந்தார். உயர்குடியினரின் நடை, உடை, சுவை ஆகியவற்றை அருகில் இருந்து கவனிக்கும் வாய்ப்பு இங்குதான் இவருக்குக் கிடைத்தது. 1870 ஆம் ஆண்டு பிரெஞ்சு-புருசியப் போரின்போது பாரிஸ் முற்றுகையிடப்பட்டது. இறைச்சி கிடைக்காத அக்காலத்தில், நகர விலங்குக் காட்சிச்சாலையின் விலங்குகளைச் சமைத்துப் பரிமாறிய உணவகங்களுள் வுவாசனும் ஒன்று.

1873 ஆம் ஆண்டு வியன்னாவில் நடைபெற்ற உலகப் பொருட்காட்சியின்போது அங்குள்ள உணவகம் ஒன்றில் ரிட்ஸ் பணியாற்றினார்.

பருவகால விடுதிகள்

அக்காலத்தில் ஐரோப்பிய செல்வந்தர்கள் பருவத்துக்கேற்ப இடம் மாறி வாழ்ந்தனர். குளிர்காலத்தைப் பிரான்சின் தென்கடற்கரையிலும் கோடைகாலத்தைச் சுவிட்சர்லாந்தின் மலைகளிலும் ஏரிக்கரைகளிலும் கழித்தனர். தொடர்வண்டிப் பாதைகள் பெருகியதால் இப்பயணங்கள் எளிதாயின. விடுதிப் பணியாளர்களும் விருந்தினர்களைத் தொடர்ந்து இடம் மாறினர். ரிட்சும் குளிர்காலத்தில் நீஸ், மான்டே கார்லோ முதலிய இடங்களிலும் கோடையில் சுவிட்சர்லாந்திலும் பணியாற்றினார். ஒரே விருந்தினர்களை வெவ்வேறு இடங்களில் சந்தித்ததால், அவர்களுடைய விருப்பு வெறுப்புகளை நன்கு அறிந்துகொண்டார்.

ரிகி-குல்ம் மலை உச்சியில் உள்ள விடுதியில் இவர் பணியாற்றியபோது நடந்ததாகக் கூறப்படும் நிகழ்வு ஒன்று பலராலும் எடுத்துக்காட்டப்படுகிறது. ஒருநாள் விடுதியின் வெப்பமூட்டும் கருவி பழுதடைந்தது. விருந்தினர் கூட்டம் ஒன்றோ மலையேறி வந்துகொண்டிருந்தது. ரிட்ஸ் பெரிய உணவுக்கூடத்தைத் தவிர்த்துச் சிறிய அறை ஒன்றில் மேசைகளை இடச் செய்தார். செடி வைத்திருந்த பெரிய செப்புப் பாத்திரங்களில் எரிசாராயம் ஊற்றி எரிய வைத்தார். செங்கற்களைச் சூடாக்கிக் கம்பளித் துணியில் சுற்றி விருந்தினரின் காலடியில் வைத்தார். உணவும் சூடான வடிசாற்றில் தொடங்கியது. விருந்தினர் குளிரை உணரவில்லை.

இந்நிகழ்வைக் கேள்வியுற்ற மாக்ஸ் பிஃபைஃபர், லூசெர்ன் நகரில் இருந்த தமது கிராண்ட் நேஷனல் விடுதியை நடத்தும் பொறுப்பை ரிட்சிடம் ஒப்படைத்தார். பிஃபைஃபர் கட்டடக் கலைஞரும் படை அதிகாரியும் ஆவார். நட்டத்தில் இருந்த அவ்விடுதியை ரிட்ஸ் மீட்டெடுத்தார். 1870களின் இறுதி முதல் ஏறத்தாழப் பத்து ஆண்டுகள் கோடைதோறும் அங்குப் பணியாற்றினார்.

எஸ்கோபியேயுடன் கூட்டு

மான்டே கார்லோவில் ரிட்ஸ் நடத்திவந்த கிராண்ட் விடுதியின் தலைமைச் சமையற்காரர் போட்டி விடுதி ஒன்றுக்குச் சென்றுவிட்டார். அவ்விடத்துக்கு 1884 ஆம் ஆண்டு ஓகுஸ்ட் எஸ்கோபியே நியமிக்கப்பட்டார். இவ்விருவரின் கூட்டு விடுதித் தொழிலின் வரலாற்றில் சிறப்பிடம் பெறுகிறது. அதற்கு முன் நல்ல உணவை நாடுவோர் தனி உணவகங்களுக்குச் சென்றனர். விடுதி உணவு பெரிதாக மதிக்கப்படவில்லை. ரிட்சின் உபசரிப்பும் எஸ்கோபியேயின் சமையலும் இணைந்தபின், உணவுக்காகவே விடுதிக்கு வருவோர் உருவாயினர்.

1888 ஆம் ஆண்டு விடுதித் தொழில் செய்த குடும்பத்தைச் சேர்ந்த மாரி-லூயி பெக் என்பவரை ரிட்ஸ் மணந்தார். இவர்களுக்குச் சார்ல்ஸ், ரெனே என இரு ஆண்மக்கள். இதே காலத்தில் செருமனியின் பாடன்-பாடன் நகரிலும் பிரான்சின் கான் நகரிலும் தமக்கெனச் சொந்தத் தொழில் தொடங்கினார்.

சவாய் விடுதி

நாடக நிறுவனர் ரிச்சர்ட் டாய்லி கார்ட், கில்பர்ட்-சல்லிவன் இசை நாடகங்களில் ஈட்டிய பொருளைக் கொண்டு லண்டனில் சவாய் விடுதியை 1889 ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6 அன்று திறந்தார். மின்விளக்குகளும் மின்தூக்கிகளும் (லிப்ட்) பல குளியலறைகளும் கொண்ட புதுமையான விடுதி அது. எனினும் நிர்வாகம் சரியாக அமையவில்லை. கார்ட்டின் அழைப்பை ஏற்று ரிட்ஸ் மேலாளராகப் பொறுப்பேற்றார். எஸ்கோபியேயும் லூயி எஷனாரும் உடன் வந்தனர்.

சவாய் உணவுக்கூடத்தை உயர்குடிப் பெண்களும் இரவு உணவுக்கு வரும் இடமாக ரிட்ஸ் மாற்றினார். அதுவரை இங்கிலாந்தில் மதிப்புமிக்க குடும்பப் பெண்கள் பொது இடத்தில் உணவருந்துவது அரிது. இசைக்குழு, மென்மையான ஒளி, மாலைநேர உடைக் கட்டுப்பாடு ஆகியவற்றின் மூலம் உணவருந்துவதையே ஒரு பொழுதுபோக்காக இவர் ஆக்கினார். பாடகி நெல்லி மெல்பாவின் பெயரால் எஸ்கோபியே பீச் மெல்பா என்னும் இனிப்பை உருவாக்கியதும் இங்குதான். சவாயில் இருந்தபோதே உரோம் நகரின் கிராண்ட் விடுதியையும் ரிட்ஸ் ஒழுங்குபடுத்தினார். அது 1894 ஆம் ஆண்டு திறக்கப்பட்டது.

பணிநீக்கம்

1898 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் ரிட்ஸ், எஸ்கோபியே, எஷனார் ஆகிய மூவரும் சவாய் விடுதியில் இருந்து நீக்கப்பட்டனர். 3,400 பவுண்டுக்கும் மேற்பட்ட மதிப்புள்ள வைனும் பிற மதுவகைகளும் கணக்கில் வராமை, சமையலறைக்குப் பொருள் வழங்குவோரிடம் இருந்து தரகு பெற்றமை முதலியன குற்றச்சாட்டுகளாக இருந்தன. சவாயில் பணியாற்றிக்கொண்டே ரிட்ஸ் தம் சொந்த நிறுவனங்களுக்கு முதலீடு திரட்டியதும் இயக்குநர்களின் அதிருப்திக்குக் காரணம். முறையற்ற பணிநீக்கம் என வழக்குத் தொடுத்த மூவரும் பின்னர் அதைக் கைவிட்டனர். 1900 ஆம் ஆண்டு நிறுவனத்துடன் செய்துகொண்ட உடன்பாட்டில் தவறுகளை ஒப்புக்கொண்டு கையொப்பமிட்டனர்.

இந்த ஆவணங்கள் வெளியே தெரியாமல் இருந்தன. 1980களிலேயே அவை பொதுவெளிக்கு வந்தன. எனவே அதற்கு முன் எழுதப்பட்ட வரலாறுகள், நிர்வாகத்துடன் ஏற்பட்ட கருத்து வேறுபாட்டால் ரிட்ஸ் விலகினார் என்ற அளவிலேயே இச்செய்தியைக் கூறுகின்றன.

பாரிஸ் ரிட்ஸ் விடுதி

சவாயில் இருந்து நீக்கப்பட்ட மூன்று மாதங்களுக்குள், 1898 ஆம் ஆண்டு சூன் 1 அன்று, பாரிசின் வாண்டோம் சதுக்கத்தில் 15 ஆம் எண் மாளிகையில் ரிட்ஸ் விடுதி திறக்கப்பட்டது. இதற்குப் பொருளுதவி செய்தவர்களுள் மது தயாரிப்பாளர் மார்னியே-லாபொஸ்டோல் குறிப்பிடத்தக்கவர். இவர் உருவாக்கிய ஆரஞ்சு மதுவுக்குக் கிராண்ட் மார்னியே என்னும் பெயரைச் சொன்னவர் ரிட்ஸ் என்று கூறப்படுகிறது. சதுக்கத்தின் பழைய முகப்பு மாற்றப்படாமல், கட்டடக் கலைஞர் சார்ல்ஸ் மெவெஸ் உட்புறத்தை வடிவமைத்தார்.

அக்காலத்துப் பெரிய விடுதிகளின் ஆடம்பரம் என்பது கனத்த திரைகளும் சுவர்த்தாள்களும் மிகுதியான அலங்காரப் பொருட்களுமே. அவை தூசியைச் சேர்க்கும். எளிதில் கழுவ இயலாது. காசநோய் பரவலாக இருந்த காலம் அது. ரிட்ஸ் தூய்மையையே ஆடம்பரத்தின் முதல் கூறாகக் கொண்டார். இவ்விடுதியில் அவர் செய்த மாற்றங்கள் பின்வருமாறு:

* சுவர்த்தாளுக்குப் பதிலாகக் கழுவக்கூடிய வண்ணப் பூச்சு பயன்படுத்தப்பட்டது.
* மரக் கட்டில்களுக்குப் பதிலாகப் பித்தளைக் கட்டில்கள் இடப்பட்டன.
* அறைகளுக்குத் தனிக் குளியலறைகள் அமைக்கப்பட்டன. அதுவரை பல விடுதிகளில் ஒரு மாடிக்கே ஒரு குளியலறைதான் இருந்தது; அல்லது தொட்டியை அறைக்குத் தூக்கி வருவர்.
* அறைகளில் மின்விளக்கும் தொலைபேசியும் பொருத்தப்பட்டன.
* வேலையின்றி அமர்ந்திருப்போர் கூடாதபடி நுழைவுக்கூடம் சிறியதாக அமைக்கப்பட்டது.

விளக்குகளின் நிறத்தைத் தேர்ந்தெடுக்க, தம் மனைவியைப் பலமணிநேரம் அமரவைத்து வெவ்வேறு நிறத் துணிகளை விளக்கின்மீது போட்டுச் சோதித்தார் என்பர். முகத்துக்குப் பொலிவு தரும் இளஞ்சிவப்பு கலந்த வெளிர் ஆரஞ்சு நிறம் இறுதியில் தேர்ந்தெடுக்கப்பட்டது.

1899 ஆம் ஆண்டு லண்டனில் கார்ல்டன் விடுதியையும் ரிட்ஸ் திறந்தார். வேல்ஸ் இளவரசர் உட்படச் சவாயின் வாடிக்கையாளர் பலர் அங்கு வந்தனர்.

1902 ஆம் ஆண்டு நிகழ்வு

விக்டோரியா அரசியின் மறைவுக்குப் பின் ஏழாம் எட்வர்டின் முடிசூட்டு விழா 1902 ஆம் ஆண்டு சூன் 26 அன்று நடைபெற இருந்தது. கார்ல்டன் விடுதியில் விருந்துகளுக்கான ஏற்பாடுகளை ரிட்ஸ் பல வாரங்களாக இரவு பகலாகச் செய்துவந்தார். சூன் 24 அன்று அரசருக்குக் குடல்வால் அழற்சி காரணமாக அவசர அறுவை சிகிச்சை நடந்தது, விழா ஒத்திவைக்கப்பட்டது. விருந்தினருக்கு இச்செய்தியை அறிவித்து, ஏற்பாடுகளை எல்லாம் நிறுத்திய ரிட்ஸ் அன்றே நிலைகுலைந்து விழுந்தார். அரசர் நலமடைந்து ஆகஸ்ட் 9 அன்று முடிசூடினார். ரிட்ஸ் முழுமையாக நலம்பெறவே இல்லை.

இந்நிலைக்கு அந்த ஒரு நாள் மட்டுமே காரணம் எனக் கொள்ள இயலாது. பல நாடுகளில் இருந்த விடுதிகளை ஒரே நேரத்தில் கவனித்தல், இடைவிடாத தொடர்வண்டிப் பயணம், சிறு குறையையும் பொறுக்காத இயல்பு ஆகியன அவரை முன்பே களைப்படையச் செய்திருந்தன. தம் பிறப்பைப் பற்றிய தாழ்வுணர்ச்சியும் அவருக்கு இருந்தது. உழவருக்குரிய பெரிய பாதங்கள் எனத் தாமே கருதியதால், அளவில் சிறிய காலணிகளையே எப்போதும் அணிந்தார் என்று கூறப்படுகிறது.

இறுதிக் காலம்

ரிட்சின் பெயர் இதன் பின்னரே உலகெங்கும் பரவியது. 1905 ஆம் ஆண்டு அமெரிக்கா என்னும் செருமானியப் பயணிகள் கப்பலில் ரிட்ஸ்-கார்ல்டன் உணவகம் தொடங்கப்பட்டது. 1906 ஆம் ஆண்டு மே 24 அன்று லண்டன் ரிட்ஸ் விடுதியும் 1910 ஆம் ஆண்டு மாட்ரிட் ரிட்ஸ் விடுதியும் திறக்கப்பட்டன. ஆனால் ரிட்ஸ் மெல்ல மெல்லப் பொறுப்புகளில் இருந்து விலகினார். மனச்சோர்வும் மறதியும் மிகுந்தன. இறுதி ஆண்டுகளைச் சுவிட்சர்லாந்தின் மருத்துவ இல்லங்களில் கழித்தார். 1918 ஆம் ஆண்டு அவருடைய இளைய மகன் ரெனே இறந்தார். அதே ஆண்டு அக்டோபரில், லூசெர்ன் அருகே உள்ள கியூஸ்நாக்ட் என்னும் ஊரில் சேசர் ரிட்ஸ் காலமானார். அவருடைய கல்லறை பிறந்த ஊரான நீடர்வால்டில் உள்ளது.

மரபு

கணவர் நோயுற்றபின் பாரிஸ் விடுதியின் நிர்வாகத்தில் மாரி-லூயி முதன்மைப் பங்கு வகித்தார். கணவரின் வரலாற்றை நூலாக 1938 ஆம் ஆண்டு வெளியிட்டார். ரிட்சைப் பற்றி வழங்கும் பல செய்திகளுக்கு இந்நூலே மூலம். ஆகவே அவற்றை ஒரு மனைவியின் நினைவுகளாகவும் கருத வேண்டும். அவர் 1961 ஆம் ஆண்டு காலமானார். தூண்டில் மீன்பிடிப்பில் புகழ்பெற்ற மூத்த மகன் சார்ல்ஸ் 1976 இல் இறந்தார். 1979 ஆம் ஆண்டு பாரிஸ் விடுதி முகமது அல் ஃபயதுக்கு விற்கப்பட்டது. புதுப்பித்தலுக்காக 2012 இல் மூடப்பட்டு 2016 இல் மீண்டும் திறக்கப்பட்டது. லண்டன் கார்ல்டன் விடுதி 1940 ஆம் ஆண்டு குண்டுவீச்சில் சேதமடைந்து, பின்னர் இடிக்கப்பட்டது.

அறையோடு சேர்ந்த குளியலறை, கட்டிலருகே தொலைபேசி, கழுவக்கூடிய சுவர், கண்ணை உறுத்தாத விளக்கு ஆகியன இன்று சாதாரண விடுதிகளிலும் எதிர்பார்க்கப்படுகின்றன. அரசர்களுக்கும் பெருஞ்செல்வர்களுக்கும் உரியனவாக ரிட்ஸ் தொடங்கியவை, பொதுவான பயணிகளின் தேவைகளாக மாறியுள்ளன.