துருவ ஒளியைக் காவல் காத்தவர்

நார்வே நாட்டின் வடகோடியில் ஹால்டே என்ற மலை இருக்கிறது. உயரம் சுமார் 3,000 அடி. குளிர்காலத்தில் அந்தப் பகுதியில் ஏறக்குறைய இரண்டு மாதம் சூரியன் தலைகாட்டாது. பகல் பன்னிரண்டு மணிக்கும் அந்தி வெளிச்சம்தான். காற்று அடித்தால் ஆள் நிற்க முடியாது.

அந்த மலையின் உச்சியில் 1899-ம் ஆண்டு ஒருவர் கல்லால் வீடு கட்டினார். அதோடு விடவில்லை. பக்கத்துச் சிகரத்திலும் இன்னொரு வீடு கட்டினார்!

கட்டியவர் துறவி அல்ல. கிறிஸ்டியான் பிர்க்கலாண்ட் என்ற விஞ்ஞானி. இன்று ஆஸ்லோ என்று வழங்கும் நகரில் 1867 டிசம்பர் 13-ந் தேதி பிறந்தவர். 31 வயதுக்குள் அந்த ஊர்ச் சர்வகலாசாலையில் பேராசிரியர் ஆகிவிட்டவர். குளிர் காய்ந்துகொண்டு பாடம் சொல்லிக்கொண்டிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். ஆனால் அவர் மனம் வானத்தில் இருந்தது.

துருவ நாடுகளில் இரவு வானத்தில் ஓர் ஒளி தோன்றும். பச்சைத் திரைச்சீலை காற்றில் அசைவது போல் இருக்கும். சில நேரம் ஓரத்தில் சிவப்பும் தெரியும். கண் மூடித் திறப்பதற்குள் வானத்தின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குப் பாயும். அதுதான் துருவ ஒளி. அது எவ்வளவு உயரத்தில் எரிகிறது? எதனால் எரிகிறது? அந்தக் காலத்தில் ஒருவருக்கும் சரியாகத் தெரியாது. மலையுச்சியைத் தொடும் அளவுக்கு அது தாழ்ந்து வருகிறது என்று நம்பியவர்களும் உண்டு.

இரண்டு வீடு எதற்கு?

பட்டம் பறப்பதை இரண்டு பேர் சற்றுத் தள்ளித் தள்ளி நின்று பார்த்தால், இருவருக்கும் அது வேறு வேறு திசையில் தெரியும். இருவருக்கும் நடுவே உள்ள தூரமும், அவரவர் தலையை உயர்த்திப் பார்த்த கோணமும் தெரிந்தால் போதும். பட்டத்தின் உயரத்தைக் கணக்கிட்டுவிடலாம். இரண்டு சிகரங்களில் ஆள் வைத்து, ஒரே நேரத்தில் துருவ ஒளியை அளப்பதுதான் பிர்க்கலாண்டின் திட்டம்.

திட்டம் நல்லதுதான். ஆனால் அவர் இடம் தேர்ந்ததில் ஒரு பிழை இருந்தது. இரண்டு சிகரங்களுக்கும் நடுவே இரண்டு மைல் தூரம்தான். துருவ ஒளியோ பெரும்பாலும் 60 மைல் உயரத்துக்கு மேலே எரிகிறது! அவ்வளவு உயரத்தில் இருப்பதை அளக்க இரண்டு மைல் எந்த மூலைக்கு? பிற்பாடு கார்ல் ஸ்டோர்மர் என்ற மற்றொரு நார்வே விஞ்ஞானி, அதே வட்டாரத்தில் இன்னும் தள்ளித் தள்ளிக் காமிராக்களை வைத்துத்தான் அந்த உயரத்தைக் கண்டுபிடித்தார்.

அந்த மலை வாங்கிய விலையும் கொஞ்சமல்ல. வீடு கட்டுவதற்கு முன்பே ஒரு குளிர்காலத்தில், பிர்க்கலாண்டுடன் சென்ற மாணவர் ஒருவர் கடுங்குளிரில் விரல்களின் நுனிகளை இழந்தார். ஹெலண்ட் ஹான்சன் என்பது அவர் பெயர். வைத்தியம் படித்துக்கொண்டிருந்தவர். கத்தி பிடிக்க வேண்டிய விரல்கள் போய்விட்டன. அவர் படிப்பை மாற்றிக்கொண்டு, கடல் ஆராய்ச்சியில் பெரும் பெயர் எடுத்தது வேறு கதை. வீடு கட்டிய பிறகு வந்த குளிர்காலத்தில் அதைவிடப் பெரிய துயரம் நேர்ந்தது. பனிச்சரிவு ஒன்று குழுவைச் சேர்ந்த எலிசார் போயே என்ற இளைஞரின் உயிரைக் குடித்தது.

இத்தனைக்குப் பிறகு வேறொருவராக இருந்தால் ஆராய்ச்சியைக் கை கழுவியிருப்பார்.

நான்கு திசையில் நான்கு காவல்

மலையில் பட்ட பாடு வீண் போகவில்லை. துருவ ஒளி ஆடும்போதெல்லாம் காந்த ஊசியும் ஆடுவதை அங்கே அவர் நன்றாகப் பார்த்திருந்தார். ஆகவே ஒளியைக் கண்ணால் பார்த்தால் மட்டும் போதாது, ஊசியின் ஆட்டத்தையும் இரவு பகலாகப் பதிவு செய்ய வேண்டும்; அதுவும் ஓரிடத்தில் அல்ல, பல இடங்களில் ஒரே சமயத்தில் என்று தீர்மானித்தார்.

துருவ ஒளி பூமியின் காந்த துருவத்தைச் சுற்றி, தலையில் வைத்த சும்மாடு போல ஒரு வளையமாகத் தோன்றுகிறது. அந்த வளையத்துக்கு அடியிலும் அதற்கு வடக்கிலும் அவர் நான்கு இடங்களைப் பொறுக்கினார். ஒன்று, ஹால்டே மலையின் அடிவாரமான கோஃபியூர்ட். இரண்டாவது, ஐஸ்லாந்துத் தீவின் மேற்குக் கரையில் டீராஃபியூர்ட். மூன்றாவது, ஸ்பிட்ஸ்பெர்கனில் உள்ள அக்சல் தீவு. நான்காவது, ருஷ்யாவுக்கு வடக்கே நோவயா செம்லியா தீவில் மாடோச்கின் ஜலசந்தி. ஐஸ்லாந்து நிலையத்துக்கும் நோவயா செம்லியாவுக்கும் இடையே 1,500 மைலுக்கு மேல் தூரம்! இரண்டு மைலில் தோற்றவர் இந்தத் தடவை கஞ்சத்தனம் பார்க்கவில்லை.

1902-ல் சிறு சிறு குழுக்கள் புறப்பட்டன. கடல் உறைந்துவிட்டால் கப்பல் போகாது. ஆகவே குளிர்காலம் முழுவதற்கும் வேண்டிய சாமான்களைக் கையோடு கொண்டுபோனார்கள். வேலை பொறுமையைச் சோதிப்பது. இருட்டறைக்குள் மெல்லிய இழையில் ஒரு காந்தம் தொங்கும். அதில் ஒரு சின்னக் கண்ணாடி. விளக்கு வெளிச்சம் அந்தக் கண்ணாடியில் பட்டுத் திரும்பி, சுழலும் போட்டோ காகிதத்தில் கோடு போடும். காந்தம் அசைந்தால் கோடும் வளையும். பக்கத்தில் ஓர் இரும்பு ஆணி கிடந்தாலும் காந்தம் ஏமாந்துபோகும். கடிகாரம் தவறினால் நான்கு இடத்துக் கோடுகளையும் ஒப்பிட முடியாது.

1903-ல் குழுக்கள் காகிதச் சுருள்களுடன் ஊர் திரும்பின. பிர்க்கலாண்டுக்கு அதுவும் போதவில்லை. உலகத்தின் பல காந்த நிலையங்களிலிருந்து அதே நாட்களின் பதிவுகளை வரவழைத்தார். அவற்றில் நம் நாட்டுப் பம்பாயும் டேராடூனும் உண்டு! எல்லாவற்றையும் ஒப்பிட்டுப் பார்த்து அவர் கண்ட முடிவு இதுதான்: சூரியனிலிருந்து மின் துகள்கள் வருகின்றன. பூமியின் காந்த சக்தி அவற்றைத் துருவப் பக்கம் இழுக்கிறது. வானவெளியிலிருந்து பெரும் மின்சாரம் கீழே இறங்கி, மேல்காற்றில் ஓடி, மீண்டும் மேலே போகிறது.

ஆராய்ச்சி சாலையில் ஒரு காந்த உருண்டையைக் காற்றில்லாத பெட்டிக்குள் தொங்கவிட்டு, மின்சாரக் கதிர்களைப் பாய்ச்சினார். உருண்டையின் இரு துருவங்களையும் சுற்றி ஒளி வளையம் எரிந்தது. பெட்டிக்குள் ஒரு குட்டித் துருவ ஒளி!

பணம் வந்த வழி

இதற்கெல்லாம் பணம்? அதைத் தேடி அவர் மின்சார பீரங்கி ஒன்றைக் கூடச் செய்தார். 1903-ல் பிரமுகர்கள் முன்னிலையில் அதைச் சுட்டுக் காட்டினார். பெரும் சத்தத்துடன் மின்பொறி பறந்தது. சபையில் ஒரே அமளி. ஆனால் அந்த மின்பொறியே அவருக்கு வழிகாட்டியது. சாம் எய்டே என்ற பொறியியல் நிபுணருடன் சேர்ந்து, மின்பொறியால் காற்றிலிருந்து உரம் தயாரிக்கும் முறையை உருவாக்கினார். அதை வைத்து 1905-ல் நார்ஸ்க் ஹைட்ரோ கம்பெனி பிறந்தது. உரத்தில் வந்த பணம் துருவ ஒளி ஆராய்ச்சிக்குப் போயிற்று.

அவருடைய பெரிய நூல் 1908-லும் 1913-லும் இரண்டு பாகமாக வெளிவந்தது. ஆனால் இங்கிலாந்து அறிஞர்கள் பலர் ஏற்கவில்லை. வெற்று வெளியில் மின்சாரமாவது, ஓடுவதாவது என்பது அவர்கள் எண்ணம். இல்வாழ்க்கையும் நிலைக்கவில்லை, 1905-ல் செய்த கல்யாணம் 1911-ல் முறிந்தது. கடைசி ஆண்டுகளில் எகிப்து சென்று, தெளிந்த வானமுள்ள ஹெல்வான் நகரில் மற்றொரு வான ஒளியை ஆராய்ந்தார். தூக்கம் வராமல் மாத்திரைக்கு அடிமையானார். உலக யுத்தம் நடந்த சமயம். ஜப்பான் வழியாக ஊர் திரும்ப முயன்றவர், 1917 ஜூன் 15-ந் தேதி டோக்கியோ ஓட்டல் அறையில் பிணமாகக் கிடந்தார். வயது 49. மாத்திரை அளவு மீறிப் போயிருந்தது.

1960-களில் அமெரிக்க செயற்கைக்கோள் ஒன்று துருவத்துக்கு மேலே பறந்தபோது, அதிலிருந்த காந்தக் கருவி ஆடியது. பிர்க்கலாண்ட் சொன்ன அதே மின்சாரம்! இப்போது அதற்குப் பிர்க்கலாண்ட் மின்னோட்டம் என்றே பெயர்.

ஹால்டே மலை வீடு என்ன ஆயிற்று? 1912-ல் அங்கே நிரந்தர ஆராய்ச்சி நிலையம் எழுந்தது. விஞ்ஞானிகள் மனைவி மக்களோடு குடியிருந்தார்கள். அந்தப் புயல் உச்சியில் குழந்தைகள் விளையாடின! 1920-களில் ஆராய்ச்சி டிராம்சோ நகருக்கு மாறியது. 1944-ல் பின்வாங்கிய ஜெர்மன் படைகள் அந்த வீட்டைக் கொளுத்தின. வெகுகாலம் கழித்து நார்வே மக்கள் அதைப் பழையபடி செப்பனிட்டார்கள். கோடை நாட்களில் மலையேறி வருகிறவர்கள் அந்தக் கல் வீட்டின் வாசலில் உட்கார்ந்து இளைப்பாறுகிறார்கள்.