ஃபிரிட்ஸ் லாங்: வெட்டுண்ட சுருள்களின் வரலாறு

பழைய ஜெர்மானியத் துப்பறியும் படங்களைத் தேடிச் சேர்ப்போர் உலகின் பல நாடுகளில் உள்ளனர். அவர்தம் அலமாரிகளில் ஒரே படம் வீடியோ நாடாவாக ஒன்றும், டி.வி.டி. தகடாக இரண்டும், ப்ளூ-ரே தகடாக மற்றொன்றுமாக இருக்கக் காணலாம். புறத்தே நின்று பார்ப்பவர்க்கு இது பணத்தை வீணடிக்கும் பித்தாகத் தோன்றும். ஆனால் அந்த நான்கும் ஒரே படமல்ல. ஒன்றில் உள்ள காட்சி மற்றொன்றில் இராது. ஒன்று முடியுமிடத்தில் மற்றொன்று முடியாது. இந்நிலை எவ்வாறு நேர்ந்தது என்பதை அறிய, அச்சேர்ப்பாளர்கள் முதலிடம் தந்து போற்றும் இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங்கின் வாழ்வை அறிதல் வேண்டும்.

1890 டிசம்பர் 5 அன்று வியன்னா நகரில் கட்டடத் தொழில் நடத்திய ஆன்டன் லாங்கின் மகனாக அவர் பிறந்தார். தாயார் யூதக் குடியிற் பிறந்து கத்தோலிக்கம் தழுவியவர். தந்தையின் தொழிலுக்குரிய கல்வியைத் தொடங்கிய லாங், அதனை இடையில் விடுத்து ஓவியம் பயிலப் பாரிசு சென்றார். முதல் உலகப் போரில் ஆஸ்திரியப் படையிற் சேர்ந்து காயமுற்றார், வலக்கண்ணும் பழுதுற்றது. மருத்துவமனையில் கிடந்த நாட்களில் எழுதிய திரைக்கதைகளே அவரைப் பெர்லினுக்கு இட்டுச் சென்றன. அங்குத் தயாரிப்பாளர் எரிக் பொம்மரின் ஆதரவில் 1919-இல் இயக்குநரானார். மறு ஆண்டு அவருடைய முதல் மனைவி துப்பாக்கிக் குண்டு பாய்ந்து இறந்தார். அச்சாவைப் பற்றிய ஐயங்கள் முற்றும் தீர்ந்தனவல்ல. குற்றமும் பழியும் அவர் படங்களில் ஓயாது திரும்பி வருவதற்கு இதனையே வேராகக் காட்டுவோர் உண்டு. அவ்வளவு எளிதாக ஒரு கலைஞனை அளந்துவிட இயலாது. 1922-இல் எழுத்தாளர் தேயா ஃபொன் ஹார்பூவை அவர் மணந்தார்.

அதே ஆண்டில் வெளிவந்தது, 'டாக்டர் மபூசே என்னும் சூதாடி'. நோர்பர்ட் ஜாக் எழுதிய நாவலைத் தழுவி, இரு பாகங்களாக, நான்கு மணி நேரத்திற்கும் மேல் ஓடும் பேசாப் படம். பிறர் மனத்தை வசியத்தால் ஆட்டுவிப்பவன் மபூசே; பங்குச் சந்தையைக் கவிழ்ப்பவன்; கண்ணற்றவர்களை அடைத்து வைத்துக் கள்ளநோட்டு வேலை வாங்குபவன். பணத்தின் மதிப்பு நாளுக்கு நாள் சரிந்துகொண்டிருந்த ஜெர்மனியில் மக்கள் அவனை வெறும் கற்பனையாகக் கொள்ளவில்லை. பின்னர் வெளிநாடுகளில் இப்படத்தைச் சுருக்கி ஓட்டினர். பல தலைமுறையினர் கண்டது அச்சுருக்கத்தையே.

லாங்கின் சிகரம் என்று பலரும் ஒப்புவது 1931 மே 11 அன்று பெர்லினில் திரையிடப்பட்ட 'எம்'. இது அவருடைய முதற் பேசும்படம். குழந்தைகளைக் கொல்லும் ஒருவனைக் காவல்துறை ஒருபுறமும், கள்வர் கூட்டம் மறுபுறமும் தேடுகின்றன. கொலை எதுவும் திரையில் காட்டப்படுவதில்லை. உருண்டு வந்து நிற்கும் ஒரு பந்து, தந்திக் கம்பியிற் சிக்கிய ஒரு பலூன், யாரும் அமராத உணவு மேசை ஆகியவை மட்டுமே காட்டப்படுகின்றன. பின்னணி இசையும் இல்லை. கொலைகாரன் அடிக்கும் சீழ்க்கை ஒன்றே இசை. அச்சீழ்க்கையைக் கேட்டுக் கண்ணற்ற பலூன் வியாபாரி அவனை அடையாளம் காண்கிறான். நடிகர் பீட்டர் லோரேக்குச் சீழ்க்கையடிக்க வாராமையால் லாங்கே அதனை அடித்துக் கொடுத்தார். இறுதியில் கள்வர் கூடிய மன்றத்தில் அவன் தன்னையும் மீறிய வேட்கையைக் கதறிச் சொல்லும்போது, அவனைக் கொல்லத் துடித்த பார்வையாளரும் ஒரு கணம் தடுமாறிப் போவர்.

நாஜிகள் 1934-இல் இப்படத்தைத் தடை செய்தனர். தடையினும் கொடியது பின்னர் நேர்ந்தது. 1940-இல் யூதரை இழிவுபடுத்த அவர்கள் எடுத்த பிரசாரப் படத்தில், யூதரான லோரேயின் அந்தக் கதறலை வெட்டியெடுத்து ஒட்டினர். நடிப்பென்று அறிந்தே அதனை ஓர் இனத்தின் வாக்குமூலமாகக் காட்டினர். வெட்டுண்ட துண்டு என்ன தீங்கு செய்ய வல்லது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுவதில்லை.

'எம்' படத்தின் காவல் அதிகாரி லோமான் மீண்டும் தோன்றும் 'டாக்டர் மபூசேயின் மரண சாசனம்' 1933-இல் முடிந்தது. மனநோய் விடுதியில் அடைபட்ட மபூசே குற்றத் திட்டங்களைத் தாள் தாளாக எழுதிக் குவிக்கிறான். அவன் இறந்த பின்னும் திட்டங்கள் நிறைவேறுகின்றன. திரைக்குப் பின்னிருந்து ஆணையிடும் தலைவனைத் தேடித் திரையை விலக்கினால், அங்கே ஒலிபெருக்கி ஒன்றே இருக்கிறது. புதிய அரசு மார்ச்சு மாதத்தில் இதனைத் தடை செய்தது. ஜெர்மன் வடிவம் ஏப்ரலில் புடாபெஸ்டில் முதலிற் காட்டப்பட்டது. பிரெஞ்சு நடிகர்களைக் கொண்டு உடன் எடுக்கப்பட்ட மற்றொரு வடிவமும் இருந்தது. ஜெர்மானியர் இப்படத்தைத் தம் நாட்டில் காண 1951 வரை காத்திருக்க நேர்ந்தது.

இத்தடையை ஒட்டி லாங் பின்னாளில் பலமுறை கூறிய கதை புகழ்பெற்றது. அமைச்சர் கோயபல்ஸ் தம்மை அழைத்து ஜெர்மானியத் திரைத்துறையின் தலைமையைத் தர முன்வந்ததாகவும், அன்றிரவே பணத்தைக்கூட எடுக்க இயலாமல் பாரிசுக்கு ரயிலேறியதாகவும் அவர் சொல்லி வந்தார். பெர்லினில் பாதுகாக்கப்படும் அவருடைய கடவுச்சீட்டோ வேறு கூறுகிறது. அந்தக் கோடையில் அவர் வெளியே சென்றும் திரும்பியும் உள்ளார். இறுதியாக வெளியேறியது சூலை முடிவில்தான். கோயபல்சின் நாட்குறிப்பிலும் அச்சந்திப்பு இல்லை. படச்சுருளை வெட்டி ஒட்டத் தெரிந்தவர் தம் வரலாற்றையும் அவ்வாறே செய்தார் போலும். ஆயினும் தடை மெய், நாடிழந்தது மெய், ஹார்பூவிடமிருந்து மணமுறிவு பெற்றதும் மெய். ஹார்பூ ஜெர்மனியிலேயே தங்கி நாஜிக் கட்சியின் உறுப்பினரானார்.

பாரிசில் ஒரு படம் எடுத்துவிட்டு 1934-இல் லாங் அமெரிக்கா சென்றார். அங்கு இருபதுக்கும் மேற்பட்ட படங்களை எடுத்தார். 1936-இன் 'ஃப்யூரி', 1953-இன் 'தி பிக் ஹீட்' ஆகியவை இன்றும் பேசப்படுகின்றன. தயாரிப்பாளர்களுடன் ஓயாத பூசலும் இருந்தது. கடைசிக் கத்தரி பெரும்பாலும் அவர் கையில் இல்லை.

ஆர்தர் பிரவுனர் என்னும் தயாரிப்பாளரின் அழைப்பை ஏற்று அவர் ஜெர்மனிக்குத் திரும்பினார். 1921-இல் தாமும் ஹார்பூவும் திரைக்கதை எழுதி, வேறொருவர் இயக்கிய இந்தியக் கதையை 1959-இல் இரு படங்களாக எடுத்தார். புறக்காட்சிகளுக்காக உதயப்பூர் சென்றனர். அவற்றில் காணும் இந்தியா ஐரோப்பியரின் கனவு இந்தியாவே; நம்மவர் பார்த்தால் நகைப்பர். அமெரிக்காவில் இரண்டையும் வெட்டி ஒன்றாக்கி ஓட்டினர். 1960-இல் 'டாக்டர் மபூசேயின் ஆயிரம் கண்கள்' வந்தது. நாஜிகள் கட்டிய ஓட்டல் ஒன்றில் ஒவ்வோர் அறையையும் ஒளித்து வைத்த கேமராக்கள் கண்காணிக்கின்றன. அதுவே அவர் இயக்கிய கடைசிப் படம். அதன் வெற்றியைக் கண்டு பிரவுனர் 1964 வரை மேலும் ஐந்து மபூசே படங்களை எடுத்தார். 1959 முதல் 1972 வரை ரியால்டோ நிறுவனம் எட்கர் வாலஸ் நாவல்களைக் கொண்டு எடுத்த படங்களும் இவற்றின் உடன்பிறப்புகளே. சேர்ப்பாளர்கள் இவ்விரு வரிசைகளையும் அருகருகே அடுக்கி வைப்பர். ஆனால் அந்த ஐந்தில் லாங்கின் கைவண்ணம் இல்லை.

பார்வை ஏறக்குறைய முற்றும் மங்கிய நிலையில், 1976 ஆகஸ்ட் 2 அன்று பெவர்லி ஹில்சில் அவர் காலமானார். வீட்டு வீடியோ பரவும் முன்பே அவர் வாழ்வு முடிந்தது. தொடக்க கால வீடியோ நாடாக்கள் தேய்ந்த படிகளிலிருந்து எடுக்கப்பட்டவை. முகங்கள் வெண்மையில் கரைந்தும், வசனங்கள் இரைச்சலில் மூழ்கியும் இருந்தன. பின்னர் பல நாட்டு ஆவணக்காப்பகங்களில் சிதறிக் கிடந்த சுருள்கள் ஒப்பிடப்பட்டன. 'சூதாடி' தன் இரு பாகங்களையும் மீளப் பெற்றது. 2004-இல் அமெரிக்காவில் வெளியான 'மரண சாசனம்' தகட்டுத் தொகுப்பில் ஜெர்மன், பிரெஞ்சு வடிவங்கள் இரண்டும் இடம்பெற்றன. 2010-இன் ப்ளூ-ரே பதிப்பில் லோரே தம் குரலிலேயே ஆங்கிலம் பேசும் 'எம்' வடிவமும் கிடைத்தது. எல்லாவற்றையும் ஒரே மேசையில் வைத்து ஒப்பிடும் வாய்ப்பு லாங்குக்கே கிட்டாதது.

முதல் வெளியீட்டில் 'எம்' 117 நிமிடங்கள் ஓடியது. இன்று மீட்டெடுக்கப்பட்டிருப்பது ஏறத்தாழ 110 நிமிடங்கள். எஞ்சிய சில நிமிடங்கள் இன்னும் கிடைக்கவில்லை.