காயத்துக்குக் கணக்கு வைத்த டாக்டர்!
ஆபரேஷன் சக்சஸ், ஆனா காயம் சீழ் பிடிச்சு ஆளே போயிடுவார். 1860-களில் கிளாஸ்கோ ஆஸ்பத்திரியில் இது சகஜம்னா நம்புவீங்களா? கெட்ட காற்றுதான் காரணம்னு பலரும் நினைக்க, ஜோசப் லிஸ்டர் கிருமியைச் சந்தேகித்தார். பாஸ்டரின் ஆய்வு தந்த பொறி அது.

1865-ல் வண்டிச் சக்கரம் ஏறிக் கால் முறிந்த 11 வயதுச் சிறுவனுக்கு, கார்பாலிக் அமிலத்தில் நனைத்த துணியால் கட்டுப்போட்டார். ஆறு வாரத்தில் எலும்பு கூடியது!

லிஸ்டர் அதோட விடலை, கணக்கும் வைத்தார். கை, கால் அகற்றப்பட்டவர்களில் முன்பு 35 பேரில் 16 பேர் இறந்தார்கள். பிறகு 40 பேரில் 6 பேர்தான்.

1912-ல் லிஸ்டர் மறைந்தார், கணக்கு நிற்கவில்லை. ஆபரேஷன் காயங்களை ஆஸ்பத்திரிகள் இன்றும் கண்காணிக்கின்றன. வீடு திரும்பிய பின் தையல் சிவந்தாலோ, சீழ் வந்தாலோ டாக்டரிடம் உடனே சொல்லிடுங்க. அந்தக் கணக்கில் நீங்களும் உண்டு!