கொல்லி ஆண்ட வல்வில் ஓரி

இராசிபுரம், சேந்தமங்கலம் சமவெளியில் நின்று கிழக்கே நோக்குவார் கண்ணுக்கு மதிலென எழுந்து தோன்றுவது கொல்லிமலை. சங்க காலத்தில் அதனை ஆண்டவன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனாகிய வல்வில் ஓரி. தகடூர் அதியமான் நெடுமான் அஞ்சிக்கேனும் சம்பையில் 1981-இல் கண்டறியப்பெற்ற தமிழ்ப் பிராமிக் கல்வெட்டு வாய்த்தது. ஓரியின் வரலாறோ புலவர் பாடல்களை மட்டுமே நம்பி நிற்கிறது.

ஓரி என்றதும் யானை, புலி, மான், பன்றி, உடும்பு என ஐந்தையும் ஒருங்கே வீழ்த்திய அம்பே பலர்க்கும் நினைவில் எழும். ஆடித் திங்களில் கொல்லிமலையில் அரசு எடுக்கும் விழாவும் அவ்வில்லாண்மையையே முன்னிறுத்துகிறது. ஆயின் அந்நிகழ்ச்சியைப் பாடிய வன்பரணர் அம்போடு நின்றாரல்லர். காட்டிடையே கண்ட வேட்டுவன் யாரென அறியாமலே பாணர் கூட்டம் பாடுகிறது. அரசனைக் குறிக்கும் சொல் பாட்டில் வந்ததும் அது தன்னையே சுட்டுவதால் அவன் நாணுகிறான். மான் தசையும் மதுவும் அளித்து, தன் மலையிற் பிறந்த பொன்னையும் மணியையும் அவ்விடத்தே வழங்கி விடுகிறான். புகழ் கேட்டு நாணிய இம்மன்னன் வில்லாளியினும் பெரியவன் எனல் மிகையன்று.

பலாவும் பொன்னும் மலிந்த அம்மலை வேந்தர் கண்ணை உறுத்தாதிருக்குமோ? கருவூரிலிருந்து ஆண்ட சேரர்க்குக் காவிரியைக் கடந்தால் கொல்லி தொலைவன்று. அவர்க்காகப் படையெடுத்தவன் முள்ளூர் மன்னன் மலையமான் திருமுடிக்காரி. அவனும் எழுவருள் ஒருவனே. வேந்தர் பொருள் விடுத்துத் துணைவேண்டும் போராளி. காரி என்னும் குதிரையேறிய காரியும், ஓரி என்னும் குதிரையேறிய ஓரியும் பொருதனர். ஓரி மாண்டான், கொல்லி சேரர் கைப்பட்டது. வள்ளலை வள்ளல் கொன்று மூன்றாமவனுக்கு மலையைக் கொடுத்த கொடுமை இது.

வென்ற காரி ஓரியின் பெருந்தெருவிற் புகுந்தபோது ஊரே ஒருங்கு திரண்டு ஆரவாரித்தது. அதனைப் பதிவு செய்தவர் கபிலர். காரியின் கொடையையும் வீரத்தையும் புறநானூற்றில் வாயாரப் பாடிய அதே கபிலர், நற்றிணையின் அகப்பாடலொன்றில் உவமையாக அவ்வாரவாரத்தை வைத்தார் என்பது ஈண்டு நோக்கத்தக்கது. புரவலன் பெற்ற வெற்றியாயினும் தோற்றவன் ஊரின் குரலை அவர் மறைக்கவில்லை.

கொல்லிக் கூற்றத்திலேயே பின்னர்ப் பெருஞ்சேரல் இரும்பொறை அதியமானையும் இருபெரு வேந்தரையும் வென்றான். தகடூரும் அவனால் அழிந்தது.