குயவர் வெட்ஜ்வுட்

அழகுக் கலையை அறத்திற்கும் பயன்படுத்திய ஒருவரை ஈண்டு நினைவுகூர்வோம். ஜோசையா வெட்ஜ்வுட், இங்கிலாந்து தேசத்துப் பர்ஸ்லம் என்னும் ஊரில், குயவர் குடியில் 1730-ஆம் ஆண்டு பிறந்தார். இளமையிற் கண்ட வைசூரியால் வலக்கால் வலிகுன்றிற்று. சக்கரத்தை உதைத்துச் சுழற்றுதல் அரிதாயிற்று. ஆகவே மண்ணின் இயல்பையும் மெருகுப் பூச்சின் இயல்பையும் ஆராயத் தலைப்பட்டார். 1768-இல் அக்கால் துண்டிக்கப்பட்டும் ஊக்கம் தளர்ந்திலர். அவருடைய பால்நிறப் பாண்டங்களை அரசி சார்லட் விரும்பி வாங்கினார். ஆயிரக்கணக்கான சோதனைகளின் பயனாக, நீலத்தின்மீது வெள்ளுருவங்கள் திகழும் ஜாஸ்பர் பாண்டங்கள் தோன்றின.

1787-இல், விலங்கு பூண்டு மண்டியிட்ட ஆப்பிரிக்க அடிமையின் உருவைச் சிறு பதக்கங்களில் அமைத்து, விலை கொள்ளாது வழங்கினார். மாதர் அவற்றை அணிகலன்களாகப் பூண்டனர். 1795-இல் அவர் மறைந்தார். பிரிட்டிஷ் பாராளுமன்றம் அடிமை வாணிகத்தைத் தடுத்தது 1807-இல். அரசிக்குப் பாண்டம் அமைத்தவரே அடிமைக்காகவும் மண்ணைப் பேசவைத்தார் என்பதை நாம் மறவாதிருப்போமாக.