ஏரியின் மைந்தர் இராயப்பர்

நம் பாட்டிமார் அவரை இராயப்பர் என்பர். மறைக்கல்வி வகுப்பில் நாம் பேதுரு என்று படிக்கிறோம். பெற்றோர் அவருக்கு இட்ட பெயரோ சீமோன். இயேசு பெருமான் சூட்டிய பெயர் கேபா. அரமேய மொழியில் பாறை என்று பொருள். அதையே கிரேக்கர் பெத்ரோஸ் என்றனர். சென்னையிலுள்ள இராயபுரம் இந்தப் புனிதரின் பெயரால் அமைந்தது என்பதும், அங்குள்ள அவருடைய ஆலயத்தைக் கட்டியவர்கள் படகோட்டும் குலத்து மக்கள் என்பதும் நம்மில் பலருக்குத் தெரிந்திருக்கும். கையில் திறவுகோலுடன் நிற்கும் அவரது சுரூபத்தை எல்லா ஆலயங்களிலும் காண்கிறோம். ஆனால் அந்தத் திறவுகோலுக்கு முன் அந்தக் கைகளில் இருந்தவை துடுப்பும் வலையுமே. அன்புத் தோழியரே, அந்தத் துடுப்பின் கதையிலிருந்தே அவர் வாழ்வைச் சொல்ல விரும்புகிறோம்.

கலிலேயாக் கடல் என்று பெயர் பெற்றிருந்தாலும் அது கடலன்று, நன்னீர் ஏரி. நீளம் ஏறத்தாழ 21 கிலோமீட்டர். அகலம் மிகுந்த இடத்தில் 13 கிலோமீட்டர். மிக ஆழமான இடத்தில் 43 மீட்டர். கடல் மட்டத்திற்கு ஏறக்குறைய 210 மீட்டர் கீழே, மலைகளின் மடியில் ஒரு கிண்ணத்து நீரைப் போல் கிடக்கிறது. வடக்கே எர்மோன் மலையின் பனி உருகி யோர்தான் நதியாக ஏரிக்குள் புகுந்து, தெற்கே வெளியேறிச் செல்கிறது. கெனசரேத்து ஏரி, திபேரியாக் கடல் என்ற பெயர்களும் இதற்குண்டு. வடகரையில் யோர்தான் வந்து சேரும் இடத்திற்கு அருகே இருந்த பெத்சாயிதாதான் சீமோனின் ஊர். மீன்பிடிக்கும் வீடு என்பது அவ்வூர்ப் பெயரின் பொருள். தந்தை யோனா. தம்பியோ தமையனோ, அந்திரேயா என்ற உடன்பிறந்தவர் ஒருவர்.

அந்த ஏரியில் மீனவருக்குப் பொன்னான காலம் குளிர்காலமும் இளவேனிலின் தொடக்கமுமாம். காரணம் சுவையானது. ஏரியின் பெருமீனாகிய முஷ்ட் வெதுவெதுப்பான நீரை விரும்பும் மீன். மழைக்காலத்தில் ஏரி நீர் குளிர்ந்துவிடும். அப்போது கப்பர்நாகூமுக்கு மேற்கே மூன்று கிலோமீட்டர் தொலைவில் தப்கா என்னுமிடத்தில் கரையோரம் சுரக்கும் வெந்நீர் ஊற்றுகளை நாடி அம்மீன்கள் கூட்டங்கூட்டமாய் வந்து குழுமும். கப்பர்நாகூம் மீனவர்களும் அங்கே படகுகளைக் கொண்டு வந்து காத்திருப்பர். வேனில் முதிர்ந்து நீர் சூடேறியதும் மீன்கள் இணை சேர்ந்து பிரிந்து போய்விடும். முட்டைகளையும் குஞ்சுகளையும் வாய்க்குள்ளேயே வைத்துக் காக்கும் வழக்கம் அவற்றுக்கு உண்டு. 1952-இல் நம் நாட்டுக்குக் கொண்டுவரப்பட்டு இன்று நம் ஏரி குளங்களை எல்லாம் நிறைத்திருக்கும் ஜிலேபி மீன் இதற்கு நெருங்கிய உறவு! மீன் வாங்கப் போகும் அம்மாக்கள் இனி அதைச் சற்று மரியாதையுடன் பார்ப்பார்களாக.

வலைகளும் பலவகை. கரையிலிருந்து பலர் சேர்ந்து இழுக்கும் கரைவலை ஒன்று. ஒருவரே தோளில் இட்டுச் சுழற்றி எறியும் வீச்சுவலை ஒன்று. மூன்றாவது, மூன்று அடுக்கு கொண்ட வலை. இதன் இரு வெளி அடுக்குகளின் கண்கள் பெரியவை, நடு அடுக்கின் கண்கள் சிறியவை. படகிலிருந்து இதை வளைத்து இறக்கிவிட்டுத் துடுப்பால் நீரை அடித்துக் கலக்குவர். வெருண்ட மீன்கள் பெரிய கண் வழியே பாய்ந்து, நடு வலையைத் தள்ளிக்கொண்டு போய், பை போன்ற மடிப்பில் சிக்கிக்கொள்ளும். வலைகள் ஆளி என்னும் செடியின் நாரில் திரித்த நூலால் ஆனவை. பகல் வெளிச்சத்தில் மீன் அந்நூலைக் கண்டு விலகிவிடும். ஆகவே இவ்வலைக்கு இரவுதான் வேளை. விடிந்ததும் வீட்டுக்கு ஓடிப் படுத்துவிட முடியாது. வலையை அலசி, கிழிசலைத் தைத்து, உலர்த்தியாக வேண்டும். இல்லையேல் நூல் மட்கிப்போகும். இளவேனில் இரவின் குளிரில் நனைந்து நடுங்கிக்கொண்டு செய்யும் வேலை இது. பேதுருவை முன்கோபக்காரர், பட்டென்று பேசுபவர் என்று மறையுரைகளில் கேட்டிருக்கிறோம். இப்படி இரவெல்லாம் உழைத்தவர் இனிக்க இனிக்கப் பேசவில்லை என்றால் அதில் வியப்பென்ன?

அக்காலப் படகு எப்படி இருந்தது என்பதும் இன்று தெரியும். 1986-ஆம் ஆண்டு, வறட்சியால் ஏரி வற்றியிருந்தபோது, கின்னோசார் என்ற ஊரின் மீனவச் சகோதரர் இருவர் சேற்றில் புதைந்த படகொன்றைக் கண்டுபிடித்தனர். ஏறக்குறைய 8 மீட்டர் நீளமும் இரண்டேகால் மீட்டர் அகலமும் கொண்ட அது, நம் ஆண்டவர் காலத்தை ஒட்டியது என்று அறிஞர் கணித்துள்ளனர். தண்ணீர் மீண்டும் உயர்ந்துவிடுமுன் இரவு பகலாகத் தோண்டி எடுத்து, மரம் உதிர்ந்து போகாதவாறு ஆண்டுக்கணக்கில் மெழுகுக் கரைசலில் ஊறவைத்து, இன்று அவ்வூர் அருங்காட்சியகத்தில் வைத்திருக்கின்றனர். அது பேதுருவின் படகு என்று யாரும் சொல்வதற்கில்லை. ஆனால் அதில் பன்னிரண்டு வகை மரம் இருக்கிறதாம்! புதுப்பலகை வாங்க வழியில்லாத ஒருவர், கிடைத்த துண்டுகளையெல்லாம் வைத்து ஒட்டுப்போட்டு ஒட்டுப்போட்டு அதை ஓட்டியிருக்கிறார். நால்வர் துடுப்பிட, ஒருவர் சுக்கான் பிடிக்கத்தக்க படகு அது. ஏரி மீனவரின் நிலையை அறிய வேறு சான்று வேண்டாம் என்றே நினைக்கிறோம்.

சீமோன் மணமானவர். கப்பர்நாகூமில் அவருக்கு வீடு இருந்தது. மாமியாரும் அவருடன் இருந்தார். காய்ச்சலாய்க் கிடந்த அம்மையாரை இயேசு குணமாக்கியதும், அவர் உடனே எழுந்து எல்லாருக்கும் பணிவிடை செய்ததும் நாம் அறிந்ததே. பிரான்சிஸ்கன் துறவியர் 1968-இல் தொடங்கிய அகழ்வில், பழைய எண்கோண ஆலயத்தின் அடியில் முதல் நூற்றாண்டு வீடு ஒன்று வெளிப்பட்டது. தொடக்க காலம் முதலே கிறிஸ்தவர் அதைப் பேதுருவின் வீடென்று போற்றி வந்திருக்கின்றனர். அதற்கு மேலே 1990-இல் புதிய ஆலயம் எழுந்தது. செபதேயுவின் மக்கள் யாக்கோபும் யோவானும் சீமோனுக்குத் தொழில் கூட்டாளிகள். பிடித்த மீனில் பெரும்பகுதி தென்மேற்கே மகதலா ஊருக்குப் போகும். அவ்வூருக்குக் கிரேக்கர் இட்ட பெயரே மீனை உப்பிட்டுப் பதப்படுத்தும் இடம் என்பதாம். நம் வழக்கில் கருவாட்டுப் பட்டணம் எனலாம். மகதலேனா மரியாளின் ஊரும் அதுவே.

அழைப்பு வந்த காலையைச் சற்று எண்ணிப் பாருங்கள். இரவு முழுவதும் ஒரு மீனும் அகப்படவில்லை. வலைகளை அலசிக்கொண்டிருந்த சீமோனின் படகில் இயேசு ஏறி அமர்ந்து மக்களுக்குப் போதிக்கிறார். பின்பு ஆழத்துக்குப் போய் வலை இறக்கச் சொல்கிறார். பகலில் வலை இறக்குவது வீண் என்று எந்த மீனவருக்கும் தெரியும். அலசிய வலையை மீண்டும் அலச வேண்டிவரும் என்பதும் தெரியும். ஆயினும் சீமோன் இறக்கினார். இரு படகுகளும் அமிழ்ந்து போகும் அளவுக்கு மீன் விழுந்தது. எல்லாவற்றையும் விட்டுவிட்டுப் பின்சென்றார் என்று ஒரே வரியில் படித்துவிடுகிறோம். ஒன்றும் கிடைக்காத இரவுக்குப் பின் தொழிலை விடுவது எளிது. தொழிலில் தலைசிறந்த நாளன்று, அத்தனை மீனையும் கரையில் போட்டுவிட்டுப் போனாரே, அதுதான் எங்களுக்கு அரியதாய்த் தோன்றுகிறது. வீட்டிலிருந்த மனைவிக்கு அன்று எப்படி இருந்திருக்கும் என்பதை நற்செய்தியாளர் எவரும் எழுதவில்லை. ஆனால் பல ஆண்டுகளுக்குப் பின் கேபா தம் மனைவியை உடன் அழைத்துக்கொண்டு பயணம் செய்தார் என்பது பவுலடியார் கொரிந்தியருக்கு எழுதிய மடலால் தெரிகிறது. இதைப் படித்தபோது எங்களுக்கு உண்டான ஆறுதல் கொஞ்சமன்று.

மற்றோர் இளவேனில் இரவு. பாஸ்கா விழா நெருங்கியிருந்தது. புல் பசுமையாய் அடர்ந்திருந்த இடத்தில் ஐயாயிரம் பேர் அப்பமும் மீனும் உண்டு எழுந்த நாள். சீடர்கள் படகில் கப்பர்நாகூம் திரும்பினர். ஏரி பள்ளத்தில் கிடப்பதால், சுற்றியுள்ள மேட்டு நிலத்தின் குளிர்காற்று திடீரென மலையிடுக்குகள் வழியே சரிந்து விழும். கண்ணாடி போலிருந்த நீர் சிறிது நேரத்தில் கொந்தளிக்கும். அன்றும் அப்படியே. ஐந்து கிலோமீட்டர் போவதற்குள் விடியல் நெருங்கிவிட்டது. நீர்மேல் நடந்து வந்த இயேசுவை நோக்கிப் பேதுருவும் இறங்கி நடந்தார், காற்றைக் கண்டு அஞ்சி அமிழ்ந்தார், அபயக்குரல் எழுப்பினார். சிறுவயது முதல் அந்த நீரில் நீந்திய மனிதர் அவர். நீச்சல் தெரியாதவர் பயப்படுவது வேறு. காற்றின் தன்மை அறிந்தவர் பயப்படுவது வேறு. விசுவாசக் குறைவு என்று அவரை விரைந்து குறை கூறுபவர்கள் ஒரு முறை படகில் ஏறிப் பார்க்கட்டும்.

எருசலேம் ஏரியைவிட ஏறக்குறைய ஒரு கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் நகரம். பாஸ்கா முழுநிலவுக் காலமாயினும் அங்கே இரவு குளிரும். இயேசு பிடிபட்ட இரவில் தலைமைக் குருவின் முற்றத்தில் காவலர் கரிநெருப்பு மூட்டிக் குளிர்காய்ந்தனர். பேதுருவும் அவர்களோடு நின்றார். அவரை முதலில் கேள்வி கேட்டது வாளேந்திய வீரனன்று, வாயில் காத்த ஒரு பணிப்பெண். எங்கள் வயதுப் பெண்ணாகவே இருந்திருக்கலாம். அவளுக்கு அஞ்சி அவர் பொய் சொன்னார். ஒருமுறையன்று, விடியுமுன் மும்முறை அவரை அறியேன் என மறுத்தார். சேவல் கூவிற்று. வெளியே போய் மனங்கசந்து அழுதார்.

உயிர்ப்புக்குப் பின் நூறு கிலோமீட்டருக்கு மேல் நடந்து அவர் திரும்பியது அதே ஏரிக்கு. அப்போதும் இளவேனில்தான். மீன்பிடிக்கப் போவதாகச் சொன்னார். வேறு ஆறு பேர் உடன் ஏறினர். மறுதலித்த ஒருவர் தமக்குத் தெரிந்த ஒரே வேலைக்குத் திரும்பிப் போகிறார். இரவெல்லாம் ஒன்றுமில்லை. விடியலில் கரையில் நின்ற ஒருவர் வலது பக்கம் வலையை வீசச் சொன்னார். வலையை இழுக்க முடியாதபடி மீன் நிறைந்தது. நிற்பவர் ஆண்டவர் என்று யோவான் அறிந்து சொன்ன மாத்திரத்தில், பேதுரு மேலாடையை இடுப்பில் கட்டிக்கொண்டு நீரில் குதித்தார். கரை இருந்தது இருநூறு முழத் தூரத்தில். படகு வந்து சேரும்வரை அவருக்குப் பொறுக்கவில்லை! பின்பு வலையைக் கரைக்கு இழுத்தவரும் அவரே. எண்ணிப் பார்த்ததில் 153 பெரிய மீன்கள், வலை கிழியவில்லை. அந்தப் பரபரப்பிலும் எண்ணிப் பார்த்தார்களே, அங்கேதான் மீனவர் தெரிகிறார்கள்!

கரையில் கரிநெருப்பு மூட்டியிருந்தது. மீனும் அப்பமும் அதன்மேல் இருந்தன. புதிய ஏற்பாட்டின் கிரேக்க மூலத்தில் கரிநெருப்பைக் குறிக்கும் அச்சொல் இரண்டே இடங்களில் வருகிறது: தலைமைக் குருவின் முற்றத்தில் ஒன்று, இந்த ஏரிக்கரையில் ஒன்று. முதல் நெருப்பருகே மும்முறை மறுத்தவரிடம், இரண்டாம் நெருப்பருகே மும்முறை அன்பு கேட்கப்பட்டது. அப்போது பெருமான் அவரைப் பாறை என்று அழைக்கவில்லை. யோனாவின் மகன் சீமோன் என்ற பழைய வீட்டுப் பெயராலேயே அழைத்தார். முற்றத்தைப் பற்றி ஒரு சொல்லும் கேட்கவில்லை. மூன்றாம் முறை கேட்டபோது பேதுரு வருந்தினார். ஆடுகள் அவரிடம் ஒப்படைக்கப்பட்டன. அதன்பின் அவர் மீன்பிடித்ததாக எங்கும் எழுதப்படவில்லை.

பின்னாளைய வரலாறு நீண்டது. எங்களுக்குப் பிடித்த ஒன்றை மட்டும் சொல்வோம். ஏரோது அகிரிப்பா அவரைச் சிறையிட்டதும் ஒரு பாஸ்கா காலத்திலேதான். வானதூதர் விடுவிக்க, நள்ளிரவில் அவர் வந்து நண்பர் வீட்டுக் கதவைத் தட்டினார். உரோதி என்ற பணிப்பெண் அவர் குரலைக் கேட்டு, மகிழ்ச்சியில் கதவைத் திறக்கவும் மறந்து உள்ளே ஓடிவிட்டாள். பேதுரு தெருவில் நின்று தட்டிக்கொண்டே இருந்தார். ஒரு பணிப்பெண் அவரை நடுங்க வைத்தாள். மற்றொருத்தி அவர் குரல் கேட்டே துள்ளி ஓடினாள்.

அந்தியோக்கியாவுக்கும் பின் உரோமைக்கும் சென்றார். 64-ஆம் ஆண்டு உரோமை நகர் தீக்கிரையானபின் நீரோ மன்னன் கிறிஸ்தவர்களை வதைத்தான். அந்த வதைக் காலத்தில் பேதுருவும் கொல்லப்பட்டார். தலைகீழாகச் சிலுவையில் அறையப்பட்டார் என்பது மரபு. நீரோவின் விளையாட்டரங்கில் நின்ற எகிப்தியக் கல்தூண் 1586-இல் பெயர்க்கப்பட்டு, இன்று புனித பேதுரு சதுக்கத்தின் நடுவே நிற்கிறது. பேராலயத்தின் அடியில் 1940-களில் நடந்த அகழ்வில் பழைய கல்லறைகள் வெளிப்பட்டன. அங்கே கிடைத்த எலும்புகள் பேதுருவினுடையவை என நம்பத்தகும் முறையில் கண்டறியப்பட்டதாகத் திருத்தந்தை ஆறாம் பவுல் 1968-இல் அறிவித்தார்.

திருத்தந்தையர் அணியும் முத்திரை மோதிரத்துக்கு மீனவர் மோதிரம் என்று பெயர். ஒரு திருத்தந்தை மறைந்தால் அவருடைய மோதிரத்தைச் சிதைத்துவிடுவர். புதியவருக்குப் புதியது செய்யப்படும். 2025 ஏப்ரலில் திருத்தந்தை பிரான்சிஸ் மறைந்தபோதும் அப்படியே நடந்தது. அதே ஆண்டு மே 18-இல், பதினான்காம் லியோவின் விரலில் புதிய மோதிரம் அணிவிக்கப்பட்டது. திறவுகோல்களோடும் வலையோடும் இராயப்பர் அதில் நிற்கிறார்.