குதிரை லாயத்திலிருந்து பிறந்த மிருக வைத்தியம்

தனக்கு எங்கே நோகிறது என்று மிருகம் சொல்வதில்லை. அதன் நடையும் நிலையும் உணவை மறுக்கும் போக்குமே அதன் மொழி. அம்மொழியைப் பயின்ற ஒருவரே உலகின் முதலாவது மிருக வைத்தியக் கல்லூரியை நிறுவினார் என்பது கவனிக்கத்தக்கது. அவர் பிரான்ஸ் நாட்டைச் சேர்ந்த குளோட் பூர்ஜெலா.

1712 ஆம் ஆண்டு லியோன் நகரிற் பிறந்த இவர் வைத்தியராகப் பயின்றவரல்லர். 1740 ஆம் ஆண்டில் அந்நகரின் குதிரையேற்றக் கழகத்துக்குத் தலைவரானார். 1744 இல் குதிரையேற்றம் பற்றி நூலொன்றை வெளியிட்டார். நாள்தோறும் குதிரைகளுடன் பழகிய அவருக்கு அவற்றின் இயல்பு நன்கு தெரிந்திருந்தது. எனினும், நோயுற்ற குதிரையின் உடலுக்குள் நிகழ்வதை அறியாமல் அதனைக் குணப்படுத்த இயலாதென உணர்ந்தார். அக்காலத்தில் குதிரை வைத்தியம் பெரும்பாலும் லாடம் அடிப்போரின் கைப்பழக்கமாகவே இருந்தது. பூர்ஜெலாவோ அறுவை வைத்தியர்களுடன் சேர்ந்து உடற்கூற்றியலைக் கற்றார். அதன் பயனாக, 1750 முதல் குதிரை வைத்திய நூலொன்றை வெளியிடலானார்.

அந்நூற்றாண்டில் வெக்கை நோய் ஐரோப்பாவின் மாடுகளைக் கூட்டங்கூட்டமாக அழித்தது. ஏரிழுக்கும் மாட்டை இழந்த உழவனின் குடும்பம் வறுமையில் வீழ்ந்தது. இந்நிலையில், 1761 ஆம் ஆண்டு அரச அனுமதி பெற்று, மறுவருடம் லியோனில் தமது கல்லூரியைத் திறந்தார் பூர்ஜெலா. நோய் பரவிய கிராமங்களுக்கு மாணவர்கள் அனுப்பப்பட்டனர். 1764 இல் கல்லூரிக்கு அரச கல்லூரி என்னும் தகுதி கிடைத்தது. பின்னர் பாரிஸ் நகருக்கு அண்மையில் அல்போர்ட்டிலும் ஒரு கல்லூரி எழுந்தது. லியோனிற் கற்ற டென்மார்க் நாட்டவரான அபில்கார்ட், 1773 இல் கோப்பன்ஹேகனில் அத்தகைய கல்லூரியை நிறுவினார்.

1779 ஆம் ஆண்டு பூர்ஜெலா காலமானார். வைரஸ் கிருமி என்பதே அறியப்படாத காலம் அது. அவர் இட்ட அத்திவாரத்தின் மீது வளர்ந்த விஞ்ஞானம் 2011 ஆம் ஆண்டில் வெக்கை நோயை உலகிலிருந்து முற்றாக ஒழித்தது.

லாயத்தில் அவர் பெற்ற முதற்பாடமும் பழையதாகிவிடவில்லை. வேட்டைக்கு இரையாகும் இனமாதலால் குதிரை தன் நோவை மறைக்கும் இயல்புடையது. அதன் காது, கண், வாய் ஆகியவற்றில் தோன்றும் மாற்றங்களைக் கொண்டு நோவைக் கணிக்கும் அளவுகோல் 2014 இல் வெளியிடப்பட்டது. மிருகத்தின் நடத்தையை அறியாத வைத்தியம் பாதி வைத்தியமே. வளர்ப்பவரின் கூர்ந்த பார்வையும் வைத்தியரின் அறிவும் இணையும் இடத்திலேயே வாயில்லா ஜீவனின் உயிர் காக்கப்படுகிறது.